வேடந்தாங்கல் போறவங்க ஏரிக்கரையோட திரும்பிடாதீங்க, வயலுக்குள்ள ஒரு நடை போயிட்டு வாங்க

நேரா விஷயத்துக்கு வரேன். வேடந்தாங்கல் பக்கத்துல இருக்கற கிராமத்துப் பசங்க நாலு பேர் சேந்து மார்கழி தை ரெண்டு மாசமும் காலைல பறவை பாக்க ஒரு நடை கூட்டிட்டுப் போறாங்க. விடிகாலை 5.45க்கு ஆரம்பிச்சா முடிய பதினோரு மணி ஆகும், ஆளுக்கு 600 ரூபா, ஸ்கூல் பசங்களுக்கு பாதி, காலை டிபன் அதுலயே அடக்கம், ஒரு தடவைக்கு எட்டு பேருக்கு மேல சேக்க மாட்டாங்க. போன வாரம் நானும் எங்கப்பாவும் ஒம்பதாவது படிக்கற என் பொண்ணும் போயிட்டு வந்தோம். அவங்களுக்கு போர்டு கிடையாது, கம்பெனி பேரு கிடையாது, ஒருத்தர் சொல்லி ஒருத்தர் வர்றதுதான், நாங்களும் ஆபீஸ்ல ஒருத்தங்க சொல்லித்தான் போனோம். குடுத்த காசுக்கு மேலயே கெடச்சுதுன்னு முதல்லயே சொல்லிடறேன், குறையும் இருக்கு, அதையும் கீழ எழுதிருக்கேன்.

இவ்ளோ நீளமா எழுதறதுக்கு ஒரு காரணம் இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி சென்னைலேர்ந்து ஒரு டூர்காரங்க மூலமா இதே வேடந்தாங்கலுக்குப் போனோம், அவங்க பேரு வேணாம். வேன் தாம்பரத்துக்கு வந்ததே எட்டு மணிக்கு, வழில டிபனுக்கு ஒரு மணி நேரம் நிறுத்தி, ஏரிக்கரைக்குப் போய் சேரும்போது பத்தரை தாண்டிருச்சு, வெயில் ஏறி தண்ணி மேல கண்ணு கூசுது, கூட வந்தவங்கள்ல பாதிப் பேர் ஸ்பீக்கர்ல பாட்டு போட்டுக்கிட்டே கரையில நடக்கறாங்க, கூட்டிட்டு வந்தவர் ஒரு வார்த்தை கேக்கல. மரத்து மேல வெள்ள வெள்ளயா நெறய தெரிஞ்சுது. இதெல்லாம் சைபீரியாலேர்ந்து குஞ்சு பொரிக்க வருதுன்னு ஒரே வரில சொல்லி முடிச்சிட்டு நாப்பது நிமிஷத்துல திரும்ப வேன்ல ஏத்திட்டாங்க. பொண்ணு முகம் அன்னிக்கு வாடியே போச்சு, தூரத்துல புள்ளி புள்ளியா தெரிஞ்சுதும்மா அவ்ளோதான்னு சொன்னா. அந்த வருத்தம் எனக்கு ரெண்டு வருஷமா மனசுல கெடந்துச்சு, அதனாலதான் இந்த நடை பத்தி கேள்விப்பட்டதும் லீவு போட்டுட்டுக் கெளம்பினோம்.

போற வழி சுலபம்தான், ஜிஎஸ்டி ரோட்டுல செங்கல்பட்டு தாண்டி படாளம் கூட்ரோட்டுல வலது பக்கம் திரும்பினா பத்து பன்னெண்டு கிலோமீட்டர், சென்னைலேர்ந்து மொத்தம் எண்பது கிலோமீட்டருக்குள்ள. நாங்க நாலு மணிக்கெல்லாம் கெளம்பிட்டோம். ஐப்பசி கார்த்திகை மழை இந்தத் தடவ நல்லா பிடிச்சதால ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் தண்ணிதான், பனி வேற இறங்கி இருந்துச்சு, ஹெட்லைட் வெளிச்சத்துல வயல் எது குளம் எதுன்னு பிரிச்சுப் பாக்கவே முடியல. அப்பா முன் சீட்ல உக்காந்துக்கிட்டு ஜன்னலத் திறந்து விட்டுட்டார். அவர் பொறந்து வளந்தது உத்திரமேரூர் பக்கம், வேலைக்காக சென்னைக்கு வந்து நாப்பது வருஷம் ஆச்சு, சேத்து வாசனைய மூச்சு இழுத்து இழுத்து வாங்கிட்டே வந்தார், ஒண்ணும் பேசல.

கூட்டிட்டுப் போன தம்பிக்கு முப்பது வயசுக்குள்ள இருக்கும், அவரும் விவசாயக் குடும்பம். முதல் விஷயமே வித்தியாசமா இருந்துச்சு, சரணாலய கேட் பக்கமே கூட்டிட்டுப் போகல. ஏரிக்கு கீழப்பக்கம் வாய்க்கால் ஓரமா ஒரு வரப்புல எங்களக் கொண்டு போய் நிறுத்திட்டு, "அக்கா, செல்ஃபோன சைலண்ட்ல போட்டுடுங்க, ஐயாவுக்கு ஒரு ஸ்டூல் கொண்டாந்திருக்கேன், இன்னும் கால் மணி நேரம் சும்மா மேல பாத்துட்டு நில்லுங்க"ன்னு சொன்னார். இருட்டு முழுசா விலகல, குளிருது, தவளைச் சத்தம் மட்டும்தான். அப்புறம் ஏரி இருக்கற பக்கத்துலேர்ந்து ஒரு இரைச்சல், சந்தைல கூட்டம் சேர்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா ஏறுது. ஆறே காலுக்கு முதல் கூட்டம் எங்க தலைக்கு மேல போச்சு, அரிவாள் மூக்கனுங்க, கோடு போட்ட மாதிரி வரிசையா, றெக்கைச் சத்தம் காதுல விழற அளவுக்கு தாழ. அதுக்கப்புறம் நிக்கவே இல்ல. நத்தைகுத்தி நாரை, வெள்ளைக்கொக்கு, நீர்க்காகம், கரண்டிவாயன், மஞ்சள்மூக்கு நாரை, கடைசில கூழைக்கடா பெருசு பெருசா றெக்கைய அதிகம் அடிக்காம மிதந்து போகுது. எல்லாம் எங்க போகுதுன்னு பொண்ணு கேட்டா. தம்பி சிரிச்சுக்கிட்டே, "வேலைக்குப் போகுது பாப்பா, நாம இப்ப அதுங்க வேலை செய்யற எடத்துக்குத்தான் போறோம்"ன்னார்.

இந்த நடையோட விஷயமே இதுதான். ஏரி அதுங்களுக்கு வீடு மட்டும்தான். கூடு அங்க, தூக்கம் அங்க, குஞ்சு அங்க. சாப்பாடு பெரும்பாலும் வெளிய, சுத்துப்பட்டு கிராமத்து வயல்லயும் சின்னச் சின்ன ஏரிலயும் வாய்க்கால்லயும் தாங்கல்லயும். வேடந்தாங்கல் ஏரி மொத்தமே 74 ஏக்கர்தான், முப்பது ஹெக்டேர், அதுல இருக்கற மீன வெச்சு ஆயிரக்கணக்குல இருக்கற பறவையும் குஞ்சும் ரெண்டு நாள் கூட ஓட்ட முடியாது. கரையில நின்னு மரத்தப் பாத்துட்டுத் திரும்பறவங்க ஒரு வீட்டு வாசலப் பாத்துட்டு வந்த மாதிரிதான், அந்த வீட்டுக்கு அரிசி எங்கேர்ந்து வருதுன்னு பாக்கல.

விடிஞ்சதும் வரப்பு மேல ஒருத்தர் பின்னால ஒருத்தரா நடந்தோம். செங்கல்பட்டு பக்கம் ஏரி ரொம்பினதும் அடுத்த போகம் நெல்லு, நவரைப் பட்டம்னு சொல்றது, போடுவாங்க, அதனால டிசம்பர் ஜனவரில வயலெல்லாம் தண்ணி கட்டி நிக்கும், ஒரு பக்கம் நாத்தங்கால் பச்சைப் பசேல்னு, ஒரு பக்கம் நடவுக்காக தண்ணி கட்டி சேறா உழறாங்க, சேடை ஓட்டறதுன்னு பேரு, ஒரு பக்கம் சம்பா அறுத்து அடித்தாள் மட்டும் நிக்கற தாளடில தண்ணி தேங்கி நிக்குது. மூணுக்கும் மூணு விதமான பறவை. இத யாரும் எனக்கு முன்னாடி சொன்னதில்ல. டிராக்டர் சேத்த பொரட்டிட்டுப் போகும்போது பின்னாடியே உண்ணிக்கொக்கும் சின்ன வெள்ளைக்கொக்கும் ஒரு அம்பது அறுவது ஓடுது, டயருக்கு ஒரு அடி தள்ளி, டிரைவரும் கண்டுக்கல பறவையும் பயப்படல. தாளடியில உள்ளானுங்க, சேத்துல பூச்சி பொறுக்கற சின்னப் பறவைங்க. நாத்தங்கால் ஓரத்துல குருட்டுக்கொக்கு அசையாம நிக்குது, நாங்க நாலடி கிட்ட போற வரைக்கும் மண்ணாங்கட்டின்னுதான் நெனச்சோம், எழும்பினப்பதான் உள்ள அவ்ளோ வெள்ளை றெக்கை இருக்கறதே தெரியுது. அப்பா அதப் பாத்ததும், "மடையில நிக்கும், அதான் மடையான்னு எங்கம்மா சொல்லும்"னார். அப்பா வாயிலேர்ந்து பாட்டி பேச்சு வந்து எத்தன வருஷம் ஆச்சோ.

நத்தைகுத்தி நாரை பத்தி மட்டும் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா அங்கதான் நாங்க முக்கால் மணி நேரம் நின்னோம். அதோட அலக மூடினாலும் நடுவுல ஒரு சந்து தெரியும், பாக்கு வெட்டி சரியா சேராத மாதிரி. நத்தைய நசுக்கறதுக்குன்னு நான் நெனச்சேன். தம்பி ஸ்கோப்ப, அதான் தூரத்துல இருக்கறத பெருசாக் காட்டற தொலைநோக்கிய, ஸ்டாண்டுல நிறுத்தி ஒவ்வொருத்தரா பாக்கச் சொன்னார். அது தலைய தண்ணிக்குள்ள விட்டு நத்தைய பிடிச்சு தரையோட அழுத்திக்கிட்டு, கீழ் அலகு நுனிய ஓட்டுக்குள்ள விட்டு சதைய வெட்டி முழுசா வெளிய இழுக்குது, ஓடு உடையறதே இல்ல. நம்புங்க, வரப்போரமா காலி ஓடு அப்படியே முழுசு முழுசா கெடந்துச்சு, பொண்ணு ரெண்டு எடுத்து பாக்கெட்ல போட்டுக்கிட்டா. இன்னொண்ணும் சொன்னார், குஞ்சா இருக்கும்போது அந்தச் சந்து இருக்காதாம், வளர வளரத்தான் விழுமாம், அப்புறம் ஏரிக்கரைல போய் ஸ்கோப்புல பாத்தப்ப நெஜமாவே குஞ்சுங்களோட அலகு நேரா மூடி இருந்துச்சு. ஒரு விஷயத்த வயல்ல சொல்லி அதுக்கான சாட்சிய மூணு மணி நேரம் கழிச்சு ஏரில காட்டினாங்க, சொல்லிக்குடுக்கறதுன்னா இப்படித்தான் இருக்கணும்.

அந்த சைபீரியா கதையையும் கேட்டேன். தம்பி கோவப்படல, பொறுமையா சொன்னார். மரத்துல கூடு கட்டி குஞ்சு பொரிக்கற நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா எல்லாமே நம்ம நாட்டுப் பறவைங்கதான், மழைக்கும் தண்ணிக்கும் ஏத்த மாதிரி அங்கங்க எடம் மாறி இங்க வந்து குடும்பம் நடத்துதுங்க. வடக்கேர்ந்து வர்றதுங்க வேற, ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, உள்ளான், மஞ்சள் வாலாட்டி, சேற்றுப் பூனைப்பருந்து மாதிரி. அதுங்க இங்க கூடு கட்டவே கட்டாது, குளிருக்குத் தப்பி வந்து நல்லா சாப்ட்டு உடம்ப தேத்திக்கிட்டு பங்குனிவாக்குல திரும்பிப் போய் அங்க குஞ்சு பொரிக்கும். இதச் சொல்லிட்டு தாளடில நடந்துக்கிட்டிருந்த ஒரு பொறி உள்ளானக் காட்டினார், முதுகுல வெள்ளைப் புள்ளி தெளிச்ச மாதிரி சின்னதா ஒண்ணு, அறுவது எழுவது கிராம்தான் இருக்குமாம், ஒரு கோழி முட்டை எடை. அது ஆசியாவோட வடகோடி சதுப்புலேர்ந்து பறந்து வந்து நம்ம செங்கல்பட்டு ஜில்லா வயல்ல பூச்சி பொறுக்கிட்டிருக்கு. எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு, சும்மா சொல்லல. இத்தன தூரம் பறந்து வர்றதுக்கு இந்த கால் அடி தண்ணியும் சேறும்தான் காரணம்.

நடுவுல ஒரு தடவ ஆள்காட்டிக் குருவி கத்துச்சு, அடுத்த நொடி அந்த வயல்ல இருந்த உள்ளான் அத்தனையும் ஒரே வீச்சா மேல எழும்பி திரும்பித் திரும்பி பறக்குது. என்னன்னு பாத்தா சேற்றுப் பூனைப்பருந்து, றெக்கைய லேசா மேல தூக்கி வெச்சுக்கிட்டு வயல் மட்டத்துக்கே தாழ மெதுவா வருது. பருந்து போனதும் எல்லாம் பழைய எடத்துலயே வந்து எறங்கிருச்சு. கோரை உள்ளான் ஒண்ணு கால் கிட்டேர்ந்து சர்ருன்னு கெளம்பி வளைஞ்சு வளைஞ்சு ஓடுச்சு, அதப் படம் எடுக்க யாராலயும் முடியல. தண்ணிப்பாம்பு ரெண்டு எடத்துல பாத்தோம், விஷம் இல்லன்னு சொல்லி விலகி வழி விட்டுட்டுப் போனோம்.

வரப்புல அண்டை வெட்டிட்டிருந்த ஒரு பெரியவர் எங்களப் பாத்து நிறுத்திட்டுப் பேசினார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணி மதகு வழியா வயலுக்குப் பாயறதால உரச் செலவு கொறையும்னு நான் படிச்சிருந்தேன், அவர்கிட்ட நேராவே கேட்டேன். "அதுக்குத்தாம்மா எங்க தாத்தன் காலத்துலேர்ந்து இதுங்கள காப்பாத்தறோம், தீவாளிக்கு வெடி கூட வெடிக்கறதில்ல"ன்னார். அப்பா உடனே, குருணை மருந்து, அதான் வயல்ல தூவற பூச்சி மருந்து, போடறீங்களான்னு கேட்டார், எனக்கு அந்தக் கேள்வியே தோணியிருக்காது. அவர் போடறதில்லையாம், போட்டா நத்தையும் நண்டும் மொதல்ல சாகும், அப்புறம் நாரை அந்தப் பக்கம் எறங்காதுன்னு சொன்னார், ஆனா எல்லாரும் அப்படி இல்லன்னும் ஒத்துக்கிட்டார். அப்பாவும் அவரும் கால் மணி நேரம் நெல்லு ரகம், கூலி, ஏரி மராமத்துன்னு பேசிட்டே இருந்தாங்க, தம்பி அவசரப்படுத்தவே இல்ல. எட்டு பேர் வந்த நடைல ஒரு வயசானவருக்காக கால் மணி நேரம் காத்திருக்கறாங்கன்னா அத நான் பெருசா மதிக்கறேன். மத்த அஞ்சு பேரும் முணுமுணுக்கல, அவங்களும் நல்லவங்க.

பெரியவர் இன்னொண்ணும் சொன்னார், 2016ல வடகிழக்கு மழை பொய்ச்சப்போ ஏரியில தண்ணி நிக்கல, பறவையும் அவ்ளவா தங்கலன்னு. காரணத்த தம்பி மதகு கிட்ட வெச்சு விளக்கினார். கூடு கட்டற மரம், நீர்க்கடம்பும் கருவேலமும், அடி முழுக்க தண்ணியில முங்கி நிக்கணும். அந்தத் தண்ணிதான் கோட்டைச் சுவரு, பூனை நரி நாய் எதுவும் கூட்டுக்குப் போக முடியாது. தண்ணி சீக்கிரம் வத்திருச்சுன்னா கூட்ட விட்டுட்டே போயிடும். இந்தப் பக்கத்து ஏரிங்கல்லாம் தனித்தனியா வெட்டினது கெடையாது, மேல் ஏரி ரொம்பினா கலங்கல் வழியா வழிஞ்சு கீழ் ஏரிக்குப் போகும், அது ரொம்பினா அடுத்தது, அப்படியே சங்கிலி. ஒரு எடத்துல வரத்து வாய்க்கால் தூந்து போச்சுன்னா கீழ இருக்கற ஊருக்கும் நஷ்டம், பறவைக்கும் நஷ்டம்.

எட்டு மணிக்கு ஒரு சின்ன வண்டில ஏத்தி கரிக்கிலி கூட்டிட்டுப் போனாங்க, பத்து கிலோமீட்டருக்குள்ளதான். வேடந்தாங்கலுக்கு வர்றவங்கள்ல நெறய பேர் கரிக்கிலிக்குப் போறதில்ல, அதுவும் தனி சரணாலயம்தான், 61 ஹெக்டேர், ரெண்டு ஏரி. வேடந்தாங்கல், கரிக்கிலி ரெண்டுமே 2022ல ராம்சர் பட்டியல்ல, அதான் உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல, சேந்துச்சு. இங்க மரத்துக் கூடு கம்மி, வாத்தும் உள்ளானும் அதிகம். வெயில் லேசா ஏறி தண்ணி நீலமா மாறுற நேரம், நடு ஏரியில கூட்டமா நீலச்சிறகி தலைய முதுகுல சொருகிட்டு தூங்குது. மணி எட்டரை ஆச்சு இன்னும் தூங்குதேன்னு பொண்ணு கேட்டா. அதுங்களுக்கு நைட் ஷிஃப்ட்னு தம்பி சொன்னார். வாத்துங்க பகல்ல ஏரியில ஓய்வெடுத்துட்டு இருட்டினதும் வயலுக்குப் போய் மேயும், நாரையும் கொக்கும் அந்த நேரத்துல மரத்துக்குத் திரும்பிடும், போதாததுக்கு வக்கா, அதான் இராக்கொக்கு, அதுவும் சாயங்காலம்தான் கெளம்பும். அப்போ ஒரே வயல் பகல்ல ஒரு கூட்டத்துக்கும் ராத்திரில இன்னொரு கூட்டத்துக்கும் சோறு போடுது. நான் வயல்னா நெல்லுன்னு மட்டுமே நெனச்சுட்டு இத்தன வருஷம் இருந்திருக்கேன்.

கரிக்கிலில பவளக்காலி, கருவால் மூக்கன், நாமக்கோழி, முக்குளிப்பான், தாமிர இலைக்கோழி, மீசை ஆலா, பாம்புத்தாரா எல்லாம் பாத்தோம். பொண்ணு நோட்டுல மொத்தம் 58 ஜாதி எழுதி வெச்சிருக்கா. எண்ணிக்கைக்காக ஓடற நடை இது இல்லன்னு தம்பி ஆரம்பத்துலயே சொல்லிட்டார், எனக்கு அதுதான் பிடிச்சுது, ஆனா அவளுக்கு அந்த 58 முக்கியம் அதனால எழுதறேன்.

கடைசியாத்தான் வேடந்தாங்கல் ஏரிக்கரை. ரெண்டு வருஷம் முன்னாடி நின்ன அதே எடம், அதே வெயில், அதே பத்தரை மணி. ஆனா அந்த வெள்ளைப் புள்ளி ஒவ்வொண்ணும் இப்ப யாருன்னு தெரியுது. வயலுக்குப் போன ஒரு நத்தைகுத்தி திரும்பி வந்து கூட்டுல எறங்குது, குஞ்சுங்க கழுத்த நீட்டிக் கத்துது, அது கொண்டு வந்தத கூட்டுல கக்கிப் போடுது. அந்த நத்தை எந்த வயல்லேர்ந்து வந்துச்சுன்னு காலைல நாங்க கண்ணால பாத்துட்டு வந்திருக்கோம். மஞ்சள்மூக்கு நாரைங்க முதுகுல ரோஸ் கலர் றெக்கையோட இப்பத்தான் குச்சி பொறுக்கி கூடு கட்டுதுங்க, அதுங்க கொஞ்சம் தாமசமாத்தான் ஆரம்பிக்குமாம். கூழைக்கடா வயலுக்குப் போகாது, பெரிய ஏரிங்களத் தேடி மீனுக்கு ரொம்ப தூரம் போகும்.

இந்த ஏரிய ஊர்க்காரங்க காப்பாத்தறது நேத்து இன்னிக்கு ஆரம்பிச்சது இல்ல. வெள்ளக்காரன் காலத்துல சிப்பாய்ங்க பறவைய சுட்டப்ப ஊர் மக்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ்கிட்ட முறையிட்டு 1790கள்லயே பறவைங்களக் காப்பாத்தற உரிமைப் பத்திரம் வாங்கிருக்காங்க, 1858ல அத புதுப்பிச்சிருக்காங்க, 1936ல சரணாலயமா அங்கீகாரம். 1998ல காட்டுயிர் சரணாலயமா அறிவிச்சப்போ ஏரியோட நிறுத்தாம சுத்தி 5 கிலோமீட்டரையும் சேத்தாங்க. அந்த 5 கிலோமீட்டருக்குள்ள வர்றதெல்லாம் நாங்க காலைல நடந்த மாதிரி வயலும் வாய்க்காலும் சின்ன ஏரியும்தான். 2020ல அத 3 கிலோமீட்டரா கொறைக்கணும்னு ஒரு முன்மொழிவு வந்து பெரிய எதிர்ப்பு கெளம்புச்சு ஞாபகம் இருக்கும். அப்போ பேப்பர்ல படிச்சப்ப எனக்கு அது வெறும் நம்பர், ரெண்டு கிலோமீட்டர்ல என்ன ஆயிடப் போகுதுன்னு கூட நெனச்சிருப்பேன். இப்ப அந்த ரெண்டு கிலோமீட்டர்ல எத்தன தாளடி, எத்தன நத்தை, எத்தன உள்ளான்னு கண்ணு முன்னாடி வருது. அது சாப்பாட்டுத் தட்டுலேர்ந்து பாதிச் சோற எடுக்கற மாதிரிதான், நான் தெளிவாவே சொல்றேன்.

சாப்பாடு தம்பி வீட்டுல, அவங்கம்மா செஞ்சது. இட்லி, கத்திரிக்கா கொத்சு, வேர்க்கடலை சட்னி, சூடா சுக்கு காபி. பொண்ணு வீட்டுல ரெண்டு இட்லிக்கே அழுவா, அங்க அஞ்சு சாப்ட்டா. அப்பாவுக்கு பழைய சோறும் வடு மாங்காவும் இருக்குன்னு தெரிஞ்சதும் இட்லியத் தள்ளி வெச்சிட்டார், அந்த அம்மாவும், "இருங்கய்யா, மோர் ஊத்தித் தரேன்"னு சந்தோஷமா எடுத்துட்டு வந்தாங்க.

இப்ப குறைங்க. முதல்ல ஸ்கோப், எட்டு பேருக்கு ஒண்ணே ஒண்ணுதான், வரிசைல நம்ம முறை வர்றதுக்குள்ள பறவை போயிடுது, உயரம் கம்மியா இருக்கறவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஸ்டாண்ட எறக்க வேண்டியிருக்கு. இன்னொரு ஸ்கோப் வாங்கியே ஆகணும், அதுக்காக நூறு ரூபா ஏத்தினாலும் நான் குடுப்பேன், தம்பிகிட்டயும் இதச் சொன்னேன். ரெண்டாவது பெரிய குறை, பொம்பளைங்களுக்கு கழிப்பறை வசதி. ஆரம்பிக்கும்போது அவங்க வீட்டுல போயிக்கலாம், அதுக்கப்புறம் கரிக்கிலி போற வரைக்கும் ரெண்டரை மணி நேரம் ஒண்ணும் கிடையாது. வயல்ல இத மாத்தறது கஷ்டம்னு புரியுது, ஆனா ஃபோன்ல பேசும்போதே சொல்லியிருக்கணும், சொல்லல. மூணாவது, ஒரு எடத்துல வரப்பு உடைஞ்சு தண்ணி பாஞ்சுக்கிட்டிருந்துச்சு, அப்பாவ கைப்பிடிச்சு தாண்ட வெக்க ரெண்டு பேர் வேண்டியதாப் போச்சு, வயசானவங்க வர்றாங்கன்னு முன்னாடியே தெரியும்போது மொத நாளே ஒருத்தர் வழியப் பாத்துட்டு வந்திருக்கலாம். கேட்டதுக்கு மழுப்பாம, சரிங்கக்கா இனிமே பாத்துக்கறோம்னு சொன்னாங்க. சரணாலய நுழைவுக் கட்டணமும் கேமரா கட்டணமும் அந்த 600ல சேராது, தனியா கட்டணும், அது குறை இல்ல, தெரிஞ்சுக்கறதுக்காக சொல்றேன்.

போறவங்களுக்கு சில விஷயம். ஷூ போட்டுட்டுப் போகாதீங்க, சேறு உள்ள போச்சுன்னா எடுக்க முடியாது, பின்னாடி பட்டை வெச்ச ரப்பர் செருப்புதான் சரி, மாத்து துணி ஒரு செட் கார்ல இருக்கட்டும். பளிச்சுன்னு வெள்ளை சிவப்பு சட்டை வேணாம். பைனாகுலர் இருந்தா கண்டிப்பா எடுத்துட்டுப் போங்க, நாங்க 8x42 ஒண்ணு வெச்சிருந்தோம், வயல்ல அது போதும், ஏரிக்கரைல ஸ்கோப் இல்லாம முடியாது. பூச்சி எண்ணெய் தடவிக்கோங்க. நடை மொத்தம் அஞ்சு கிலோமீட்டர் இருக்கும், முட்டி வலி அதிகம் உள்ளவங்க வரப்பு நடைய விட்டுட்டு கரிக்கிலியும் ஏரிக்கரையும் மட்டும் வரலாம், அதுக்குத் தனியா ஏற்பாடு பண்றாங்க. ரொம்ப சின்னக் கொழந்தைங்க வேணாம், பத்து வயசுக்கு மேலன்னா நல்லா ரசிக்கும். ஒரே ஒரு பெரிய பறவைய கிட்டக்க க்ளோஸப் எடுக்கணும்னு மட்டும் வர்றவங்களுக்கு இது சரிப்படாது, கூட்டுப் பக்கம் யாரையும் கிட்ட விட மாட்டாங்க, ட்ரோன் கூடவே கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க, சொல்லணும்.

காலைல கெளம்பறதப் பாத்த மாதிரி சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல எல்லாம் திரும்பி வர்றதும் பாக்கணுமாம், அதே நேரம் வாத்தும் வக்காவும் எதிர்ப் பக்கமா கெளம்புமாம், ரெண்டு ஷிஃப்டும் ஏரிக்கு மேல ஒண்ண ஒண்ணு தாண்டிப் போகும்னு தம்பி சொன்னார். அன்னிக்கு எங்களால இருக்க முடியல, பொண்ணுக்கு டியூஷன். தை கடைசில ஒரு சனிக்கெழம சாயங்கால நடைக்கு மூணு பேருக்கு சொல்லி வெச்சிட்டு வந்திருக்கோம், அப்பா அந்தப் பெரியவருக்கு சீரக சம்பா வெதநெல்லு ஒரு கிலோ வாங்கித் தரேன்னு வாக்கு குடுத்துட்டு வந்திருக்கார், உத்திரமேரூர்ல தெரிஞ்சவங்ககிட்ட இப்பவே விசாரிச்சுக்கிட்டிருக்கார்.